பூனைக்குச் சர்க்கரை, எனக்குப் பத்தியம்

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் நான் ஒரு பர்மியப் பூனைக்குச் சொந்தக்காரன் ஆனேன். அது பர்மியப் பூனை என்று பூனைக்குத் தெரியாது. அதைக் கொடுத்தவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன் நான். வார்ப்பில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்து, சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டு ஓரமாக வைத்துவிடுவேன். வேலை முடிந்து வீட்டோடு இருக்க ஆரம்பித்தபின் குறி போட எதுவும் கிடைக்கவில்லை. சாம்பாரில் போட ஆரம்பித்தேன். என் மனைவி இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஏதாச்சும் ஒரு சீவனைக் கொண்டாந்து வளத்துங்க. நாள் பூரா அதைய நோட்டம் உடுங்க. என்னைய உட்டுருங்க" என்றாள்.

நாய் வேண்டாம், காலையில் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். நடப்பது எனக்கு ஆகாது. அதனால் பூனை என்று முடிவாயிற்று. போனில் பூனைகளைப் பற்றிப் படித்தேன். அப்படிப் படித்ததில் பர்மியப் பூனையின் படம் ஒன்று மனசில் ஒட்டிக்கொண்டது. பழுப்பு நிறம், பட்டுப் போன்ற ரோமம், அரசர்கள் மடியில் உட்கார்ந்த முகம். அந்த வாரமே பழைய சிநேகிதர் ஒருவர், வடவள்ளியில் ஒரு தம்பதி வெளிநாட்டில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறார்கள், அவர்களுடைய பழுப்புப் பூனைக்கு நல்ல வீடாகத் தேடுகிறார்கள் என்று சொன்னார். பழுப்பு என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு மற்றதெல்லாம் விளங்கிவிட்டது.

அந்த வீட்டுக்காரர் மிகவும் மரியாதை தெரிந்த மனிதர். பூனை சோபாவில் படுத்திருந்தது.

"இது பர்மீஸ் தானுங்க?" என்றேன்.

அவர் பூனையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்பிடீங்களா?"

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்களே."

"நீங்க சொன்னாச் சரிங்க."

"ரெண்டு வயசு இருக்குமுங்களா?"

"எங்க ஊட்டுக்கு வந்தே ரெண்டு வருசத்துக்கு மேல ஆகிப்போச்சுங்க..." என்று இழுத்தார்.

"அதேதானுங்க. ரெண்டு, ரெண்டரை."

"இருக்குமுங்க" என்றார்.

வீடு தேடி வந்தவரை மறுத்துப் பேசுவது, காபி கொடுக்காமல் அனுப்புவது போல எங்கள் பக்கத்தில். அவர் எனக்குக் காபியும் கொடுத்தார், பர்மாவையும் கொடுத்தார்.

அடுத்த நாலு வருஷம் என் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் அந்தப் பூனையின் வம்சத்தைக் கேட்காமல் திரும்பிப் போனதில்லை. கேட்கவில்லை என்றாலும் சொன்னேன். அதற்குள் எங்களுக்கு அது 'அவன்' ஆகிவிட்டது. அவன் உடம்பில் வெயில் படும்போது மங்கலாகக் கோடுகள் தெரியும். அழுக்கு என்று நினைத்து ஈரத் துணியால் துடைப்பேன். மறுநாளும் அதே இடத்தில் இருக்கும். மறுபடியும் துடைப்பேன்.

என் மனைவியின் அண்ணன் தாராபுரம் பக்கத்தில் காங்கேயம் மாடுகள் வைத்திருப்பவர். அந்தியூர்ச் சந்தையில் அவர் ஒரு காளையின் முன்னால் நின்று சுழி பார்த்து, பல் பார்த்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அவரிடமும் சொன்னேன்.

"பூனையில என்னங்க மாப்ள சாதி?" என்றார்.

"இது அரமணையில வளந்த வம்சமுங்க மச்சான்."

"அப்பிடீங்களா" என்றார். வடவள்ளிக்காரர் சொன்ன அதே அப்பிடீங்களா. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அரமணை வம்சத்துக்கு நான் போட்ட சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். காலையில் நான் டீயில் வர்க்கி நனைத்துச் சாப்பிடும்போது அவனுக்கும் பாதி. மத்தியானம் நெய் விட்ட அரிசிம் பருப்புச் சாதம். நடுவில் பசித்தால் கொறிக்க, கடையில் விற்கும் உலர்ந்த பூனைத் தீனி ஒரு கிண்ணம், எந்நேரமும் நிரம்பி. அவன் உருண்டு திரண்டு வந்தான். தரமான இனம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயத்தில் என் மனைவிதான் முதலில் கவனித்தாள்.

"ஏனுங்க, இவன் பாத்ரூம் பக்கெட்டுலயே தலையக் கவுத்துட்டு நிக்கறானுங்க. எத்தன தண்ணி குடிக்கறான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நாள் பூரா நோட்டம் விடத்தான் அவனைக் கொண்டுவந்தேன், ஆனால் நோட்டம் விட்டதெல்லாம் அவன் அழகை. அதன்பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவன் ஒன்றுக்குப் போகும் மண் தட்டு ஒரு நாளைக்கு மூன்று தடவை நனைந்துகொண்டிருந்தது. சாப்பாடு குறையவில்லை, ஆனால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. சோபாவில் ஏறத் தாவி, ஏறாமல் விழுந்து, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதுபோல் தன் காலை நக்கிக்கொண்டான். பின்னங்காலின் பாதத்தைத் தட்டையாகத் தரையில் பதித்து நடந்தான்.

போனில் தேடினேன். பூனைகளுக்கும் சர்க்கரை நோய் வருமாம். சில நாடுகளில் பர்மியப் பூனைகளுக்கு மற்ற பூனைகளைவிட அதிகமாக வருகிறதாம். இதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெருமைதான் வந்தது. நாலு வருஷமாக நான் சொல்லி வந்ததற்கு இப்போது நோயே சாட்சி சொல்கிறதே என்று.

அவனைக் கூடையில் வைத்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன். இளம் பெண் மருத்துவர். நான் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

"டாக்டர், இது சுகர்தானுங்க. பர்மீஸ் இல்லீங்களா, அந்த இனத்துக்கு வருமுங்க. ஆறு வயசுதான் ஆச்சு, ஆனா வம்சத்துல இருக்குதுங்க."

அவர் அவனை மேசையில் தூக்கி வைத்தார். ஜன்னல் பக்கம் திருப்பி ரோமத்தைத் தடவினார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். உதட்டை விலக்கி வாயைப் பார்த்தார். அங்கே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார், ரத்தத்துலயும் யூரின்லயும் பாத்துட்டுத்தான் சொல்லோணும். பயத்துலயே இதுங்களுக்கு சுகர் கொஞ்சம் ஏறும்" என்றவர், தயங்கி, "ஆனா ஒண்ணு சொல்லலாங்களா? இது பர்மீஸ் இல்லீங்க சார்" என்றார்.

"இல்லீங்களா?"

"நம்மூருப் பூனைதானுங்க. கோடு தெரியுதுங்களே. வால்லகூட வளையம் இருக்குது பாருங்க. பர்மீஸ்னா உடம்பு ஒரே நெறமா இருக்கும்."

துடைத்துப் போகாத அழுக்கு அப்போது என்னைப் பார்த்துச் சிரித்தது.

"வயசும் ஆறு இல்லீங்க. பல்லு ரெண்டு இல்லவே இல்ல, இருக்கறதும் தேஞ்சிருக்குது. கண்ணுலயும் வயசு தெரியுது. பத்துக்குக் கொறையாது. பன்னெண்டுகூட இருக்கலாம்."

என் மனைவி மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள். அவள் பிறந்த வீட்டில் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் ஒரு கன்றைக்கூட உள்ளே விட்டதில்லை.

பரிசோதனைகள் முடிந்து மறுநாள் சர்க்கரை நோய் உறுதியானது. அன்றைக்கு மருத்துவர் விவரமாகப் பேசினார். இந்தப் பூனையைப் பொறுத்தவரை இனத்தைக் குறை சொல்ல முடியாது என்றார். வயது ஒரு காரணம், ஏழெட்டு வயதுக்கு மேல் போகப் போக ஆபத்து கூடும். பிறகு என் மனைவியைப் பார்த்து, மற்றவற்றைக் கேட்டுக்கொண்டே போனார்.

"ஆணுங்களா?"

"ஆமாங்க" என்றாள் மனைவி.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"நடக்கறது, ஓடறது?"

"படுத்தா எந்திரிக்கறதே இல்லீங்க."

"எடை?"

"நெம்ப அதிகமுங்க. இப்பத்தான் எளச்சிருக்குது."

"நேரங்காலமில்லாம தின்னுட்டே இருக்குங்களா?"

"ஆமாங்க டாக்டர். நெய்யில்லாம எறங்காது."

எடைக்குப் பதில் வந்தபோதுதான் பேச்சு பூனையைப் பற்றியது என்பது எனக்கு முழுசாக உறுதியானது. நான் இளைக்கவில்லை.

இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார். காலை ஆறரைக்கு ஒன்று, மாலை ஆறரைக்கு ஒன்று, சாப்பாடு வைத்த பிறகு. வர்க்கி, சாதம், உலர்ந்த தீனி எல்லாம் நிறுத்தம். வேகவைத்த கோழி, அவர் எழுதிக் கொடுத்த ஈரத் தீனி, அவ்வளவுதான். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து எப்படிக் குத்துவது என்று சொல்லிக் கொடுத்தார்.

முதல் நாள் வீட்டில் தோலைத் தூக்கிப் பிடித்தேன், குத்தினேன், மருந்து முழுக்க ரோமத்தில் போயிற்று. இரண்டாவது நாள் தோலின் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வெளியே வந்து, என் கட்டைவிரலிலேயே ஏற்றிக்கொண்டேன். பதறிப்போய் மருத்துவருக்குப் போன் செய்தேன்.

"எத்தன யூனிட் சார்?"

"ஒண்ணுங்க."

"ஒண்ணும் ஆகாது சார். எதுக்கும் ஏதாவது சாப்பிட்டுக்குங்க. இப்பப் பூனைக்குத் திருப்பிப் போட வேண்டாம், அடுத்த நேரம் போட்டுக்கலாம்."

வர்க்கி சாப்பிட்டேன். பூனை எதிரே உட்கார்ந்து கடைசித் துணுக்கு வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. அந்த நேரத்தில்தான் மச்சானின் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. தாராபுரத்தில் மண்டபம், காலையில் முகூர்த்தம். மனைவி இரண்டு நாள் முன்பே போய்விட்டாள். நான் ஆறரைக்கு ஊசி போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, கூட்டம் பந்திக்கு நகர்ந்துகொண்டிருந்தது. மச்சான் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது.

"என்னுங்க மாப்ள, பொண்ணுக்கு மாமன் நீங்க. தாலி கட்டறப்ப ஆளக் காணமுங்களே?"

"ஊசி போட்டுட்டு வர நேரமாயிப்போச்சுங்க மச்சான்."

"ஊசியா?" அவர் குரல் இறங்கியது. "சுகருங்களா?"

சுற்றிலும் பத்துப் பேர். அரமணை வம்சம் என்று நான் இதே மனிதர்களிடம் நாலு வருஷம் பேசியிருக்கிறேன். பூனைக்கு ஊசி போட்டதால் முகூர்த்தத்துக்கு வரவில்லை என்று அந்த வாசலில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆமாங்க" என்றேன். சுகர் என்பது உண்மைதானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்படி அவர் அதுவரை பிடித்ததில்லை.

பந்தியில் உட்காருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. என் இலைக்கு மட்டும் ஜிலேபி வரவில்லை. கேசரி வாளி என்னை நெருங்கியதும் பரிமாறுகிறவர் கையைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போனார். பக்கத்தில் இருந்த உறவுக்காரர் ஒருவர் ஆவாரம்பூ என்றார், எதிரே இருந்தவர் நாவல் கொட்டைப் பொடி என்றார், யார் என்றே தெரியாத ஓர் அம்மா வந்து நின்று, "கோவக்காயத் தெனம் தின்னுங்க கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் பாயசம் இருந்தது, வாசனை மட்டும் வந்தது. காபி சர்க்கரை இல்லாமல் வந்தது. அத்தனை பேரின் அக்கறைக்கு நடுவில் அந்தக் காபியை முகம் சுளிக்காமல் குடித்து முடித்தேன்.

மூன்று மணிக்கு மச்சானே என்னைத் தேடி வந்தார். மாப்பிள்ளை வீட்டில் பெண்ணைக் கொண்டுபோய் விட நானும் போக வேண்டும். "நீங்க கெளம்புங்க மாப்ள. ஊசி நேரம் தப்பக்கூடாது" என்று காரின் கதவைத் திறந்துவிட்டார்.

மனைவி மறுநாள் ஒரு பை நிறையப் பொடிகளோடு வந்து இறங்கினாள்.

"உங்களுக்குச் சுகராமா?"

"பூனைக்குன்னு சொல்றதுக்குள்ள கூட்டம் சேந்துபோச்சு அம்மணி."

"எங்கண்ணன் ராத்திரி சரியாவே சாப்படலீங்க. நீங்களே கூப்புட்டுச் சொல்லிப்போடுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்று பையை என் மடியில் வைத்தாள்.

சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. மூன்று வாரமும் மச்சான் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்து "எவ்வளவு இருக்குதுங்க?" என்று கேட்டார். நான் பூனையின் கணக்கைச் சொன்னேன். "அத்தனைங்களா!" என்று அவர் பதறினார்.

ஒரு சாயங்காலம் முன்கூட்டிச் சொல்லாமல் அவரே வந்து நின்றார். தனியாக. மனைவி கடைக்குப் போயிருந்தாள். காபி போட்டுக் கொடுத்தேன். பாதி டம்ளர் குடித்தவர், அதற்கு மேல் குடிக்காமல் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, உங்ககிட்டத்தான் சொல்ல முடியுமுங்க. எனக்கும் சுகர்தானுங்க. ஆறு வருசமாச்சு. ஊட்டுல ஆருக்கும் தெரியாது. மாத்தரைய மாட்டுத் தீவன ரூம்புல வெச்சுத் திங்கறனுங்க."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"இப்ப டாக்டரு, மாத்தர பத்தாது, ஊசிதான்னு சொல்லிப்போட்டாருங்க. எனக்கு ஊசின்னா ஒடம்பெல்லாம் நடுங்குதுங்க. எத்தன காளைய மடக்கிப் புடிச்சிருக்கறேன், இது முடியல. அப்பத்தான் நீங்க போடறீங்கன்னு தெரிஞ்சுது. ஒரு தெம்பு வந்துதுங்க. வலிக்குமுங்களா? அதையக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் மணி ஆறே காலாகி, சமையலறை வாசலில் பூனை வந்து நின்று கத்தினான். அவனுக்கு அந்த நேரம் நன்றாகப் பழகியிருந்தது. கோழியை வைத்தேன். தின்றான். குளிர்பெட்டியிலிருந்து மருந்தை எடுத்தேன். மச்சான் தானும் எழுந்து வந்து, எப்படிப் போட்டுக்கொள்கிறேன் என்று பார்ப்பதற்காகப் பக்கத்தில் வந்து நின்றார்.

நான் குனிந்து பூனையின் தோலைத் தூக்கிப் பிடித்துக் குத்தினேன்.

அவர் என் கையைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார்.

"மாப்ள, ஊசி பூனைக்குங்களா?"

"ஆமாங்க மச்சான்."

"உங்களுக்கு?"

"எனக்கு இல்லீங்க." நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மன்னிச்சுக்குங்க. அன்னைக்கு வாசல்ல சொல்லக் கூசிப்போச்சுங்க. பர்மீஸ்னு சொன்னதும் பொய்யாப் போச்சு, வயசும் ஆறு இல்ல, பன்னெண்டாமா. டாக்டரு பல்லப் பாத்துச் சொன்னாங்க."

அவர் கீழே உட்கார்ந்து, பூனையின் தாடையைக் கட்டைவிரலால் விலக்கிப் பார்த்தார். "கெழவனுங்க" என்றார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துத் துண்டால் கண்ணைத் துடைத்தார். நானும் சிரித்தேன், ஆனால் முழுசாகச் சிரிக்க வரவில்லை. இந்த மனிதர் எண்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து, ஆறு வருஷம் யாரிடமும் சொல்லாததை ஒரு பொய்யனிடம் சொல்லியிருக்கிறார்.

சிரிப்பு அடங்கியபின் ஊசியை வாங்கி நுனியைத் தொட்டுப் பார்த்தார். "இத்தனூண்டு தானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

"அது ஒண்ணுமே சொல்லலீங்களே."

"தெரியறதே இல்லீங்க, மச்சான். எனக்கே ஒருக்கா குத்திக்கிட்டேன். எறும்பு கடிச்சாப்பலதான்."

"அப்பச் செரி" என்று எழுந்துகொண்டார். மனைவி திரும்பி வந்ததும் அவரே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அண்ணனைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், பிறகு இரண்டு பேருக்கும் ராகி தோசை வார்த்தாள். எனக்கு எதற்கு என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

அடுத்த வாரமே மச்சான் ஊசி போட ஆரம்பித்துவிட்டார். கல்யாணத்தில் எனக்கு யோசனை சொன்ன அத்தனை பேரிடமும் உண்மையை நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். மச்சானிடம் கேட்டு நம்பர் கண்டுபிடித்த அந்தக் கோவைக்காய் அம்மா மட்டும், "அப்பப் பூனைக்குக் குடுங்க" என்றார்.

நாலு மாதத்தில் பூனையின் சர்க்கரை இறங்கியது. மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் ஊசியை நிறுத்திவிட்டார். சில பூனைகளுக்கு இப்படி அமைவதுண்டாம். மறுபடியும் வரலாம், தண்ணீர் குடிப்பதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். பூனை பழையபடி சோபாவில் தாவி ஏறினான், என் இடத்தில்.

இதை மச்சானிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். மறுபடியும் மறைத்த பாவம் வேண்டாம் என்று போன் செய்து சொல்லிவிட்டேன்.

"நின்னேபோச்சுங்களா?" என்றார். குரலில் கொஞ்சம் பொறாமை. "தீனி என்னங்க போட்டீங்க?"

"கோழி மட்டுந்தானுங்க."

"சோறு?"

"ஒரு பருக்கை இல்லீங்க. மனுசனுக்கு வேற கணக்கா இருக்கும், உங்க டாக்டரைக் கேட்டுக்குங்க மச்சான்."

அந்தப் பக்கம் மாடு ஒன்று கத்துவது மட்டும் கேட்டது.

"கேக்க வேண்டாமுங்க மாப்ள" என்றார். "எனக்கு ஊசியே இருக்கட்டும்."